அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வரும் சத்தம்

மயிலாப்பூர்,
ஜனவரி 27.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா அய்யாதுரை எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை தங்கம், எங்கள் இருவரின் ரத்த அழுத்தம், எல்லாரும் அவரவர் அளவில் நலம். மஸ்கட்டில் நீங்களும், நீங்கள் வேலை பார்க்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் உப்புக் குறைந்து நலமாக இருக்க வேண்டுகிறோம். "இதையெல்லாம் வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில அனுப்பக் கூடாதாப்பா?" என்று மதுமதி கேட்டாள். சைதாப்பேட்டையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து நான்கு வருடம் பத்திரம் பதிந்தவனுக்கு, காகிதத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகவே படுவதில்லை. தவிர, நான் சொல்லப்போவது இரண்டு வரியில் அடங்கும் துன்பம் இல்லை. மருமகனிடம் மாமனார் குரலை உயர்த்துவது நம் பக்கத்தில் வழக்கமும் இல்லை. எனவே இந்தக் கடிதத்தில் எங்காவது என் குரல் உயர்ந்திருப்பதாகத் தோன்றினால், அது ஜன்னல் வழியாக வந்த தெருச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒப்பந்தம். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மீன்குழம்புக்கும் ரசத்துக்கும் இடையில், உங்கள் ஜீப்பைப் பற்றி உங்களுக்கும் மதுமதிக்கும் வாக்குவாதம் வந்தது. வண்டி ஓடும்போது பின்பக்கமிருந்து ஓர் ஊளைச் சத்தம் வருகிறது. அது டிஃபரன்ஷியல் தேய்ந்த சத்தம், காட்டிலும் ஆற்றிலும் ஓட்டி நீங்கள்தான் தேய்த்தீர்கள், வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது மதுமதியின் கட்சி. அது வெறும் டயர் சத்தம், முண்டும் முடிச்சுமான காட்டு டயர் தார்ச்சாலையில் அப்படித்தான் கத்தும் என்பது உங்கள் கட்சி. கடைசியில், டிஃபரன்ஷியல் தேய்ந்திருந்தால் வண்டியை விற்பது, தேயவில்லை என்றால் மதுமதி இனி அந்த ஜீப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவாயிற்று. எது என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை, வண்டியோடு சேர்த்து, என் தலையில் விழுந்தது. "மாமாதான் சரி. அவருக்கு வண்டின்னாலே பிடிக்காது, எந்தப் பக்கமும் சாய மாட்டாரு" என்று சொன்னது நீங்கள். நான் அப்போது ரசத்தில் கவனமாக இருந்தேன். ரசத்தில் கவனமாக இருப்பவனைச் சம்மதித்தவனாகக் கொள்வது செல்லாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், அச்சின் வயிறு உப்பியிருக்கும் இடத்தில், பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன; வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும்; இன்ஜின் தருவதை இருவருக்கும் அவரவர் தேவைப்படி பிரித்துக் கொடுப்பது இதன் வேலை என்று நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு பக்கக் குறிப்பில் படித்தேன். அதாவது பாகப்பிரிவினை. என் சர்வீஸில் இரண்டு பேருக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்த பாகப்பிரிவினை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த இரும்புப் பெட்டி இத்தனை வருடம் அமைதியாக இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

குறிப்பின் ஏழாம் பக்கத்தில் என் கஷ்டகாலம் ஆரம்பிக்கிறது. "சமதளமான, காலியான சாலையில், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், ஒரே சீராகக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் ஓட்டவும். பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவும். சத்தம் மாறினால் டிஃபரன்ஷியல். மாறாவிட்டால் டயர்." மாப்பிள்ளை, நீங்கள் எட்டு வருடம் அடையாறில் குடியிருந்தவர். சமதளம், காலி, ஒரு கிலோமீட்டர் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் தைரியம் உங்களுக்கு மஸ்கட் போன பிறகுதான் வந்திருக்க வேண்டும். உங்கள் சத்தமோ ஐம்பத்தைந்துக்குக் கீழே வாயைத் திறப்பதில்லை. மயிலாப்பூரில் ஐம்பத்தைந்தைத் தாண்டியது எங்கள் வயது மட்டுமே.

இருந்தாலும் முயன்றேன். வேட்டியோடு அந்த ஜீப்பில் ஏறுவது எப்படி என்று உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரி இல்லை. முதல் நாள் தெருவே நின்று பார்த்தது. இரண்டாம் நாள் பேன்ட் போட்டுக்கொண்டேன். லஸ் முனையில் சுரங்க ரயிலுக்காகத் தகரம் அடைத்திருக்கிறார்கள், வண்டிகள் ஒன்றன் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு போகின்றன. ஆர்.கே. மடம் சாலையில் ஒருமுறை இருபத்து மூன்றைத் தொட்டேன், அதுவும் பின்னால் ஒரு தண்ணீர் லாரி துரத்தியதால். மந்தைவெளியில் பத்தொன்பது. நான்கு நாள் இப்படிப் போனதும், எங்கள் முதல் மாடி கிச்சா, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மார்கழிதோறும் சபா சபாவாகப் போய்க் காதைத் தீட்டி வைத்திருப்பவர், நான் கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நீர் ஓட்டும் ஓய், நான் கேட்டுச் சொல்றேன். எங்காத்து மிக்ஸி இப்படித்தான் ரெண்டு வருஷம் கத்திண்டு இருந்தது. நான்தான் காதை வெச்சுக் கேட்டு, புஷ் போயிடுத்துன்னு கண்டுபிடிச்சேன்" என்றார். மிக்ஸி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது போயிடுத்து. வேற வாங்கிட்டோம்" என்றார்.

தி. நகரில் மேம்பாலம் இருக்கிறதே, ஏறி இறங்கினால் வேகம் கிடைக்கும் என்பது கிச்சாவின் யோசனை. பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உஸ்மான் சாலைக்குள் ஜீப்பைக் கொண்டுபோனேன். இதை நான் எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்கல்ல, தகவலுக்காக. மேம்பாலத்தின் அடிக்குப் போய்ச் சேரவே ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுவே ஒரு அம்மாள் கையிலிருந்த துணிப்பைகளைச் சற்று இறக்கி வைக்க இடம் தேடி, எங்கள் முன்பம்பரில் வைத்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். போன் வந்தது, பேசினார். பிறகு பைகளை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு நேரமும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்து, "அண்ணே, சைதாப்பேட்டை போவுமா?" என்று பின்கதவைத் திறந்து இரண்டு பேர் ஏறினார்கள். கிச்சா அவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். மேம்பாலத்தின் மேலே எவ்வளவு வேகம் கிடைத்தது என்று கேட்பீர்கள். மேலேயும் அதே ஜனங்கள்தான், சற்று உயரத்தில்.

சரி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை காலியாக இருக்கும் என்று போனேன். காலியாகத்தான் இருந்தது. இருபக்கமும் கயிறு கட்டி, நடுவில் யாரும் போகக் கூடாது என்று காலியாக வைத்திருந்தார்கள். என் ஜீப்பைக் கண்டதும் சிம்ரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடிவந்தது. "அங்கிள், நீங்கதானே பைலட் ஜீப்? எவ்ளோ லேட்! எல்லாரும் வெயிட் பண்றாங்க!"

"இல்லம்மா, நான் ஒரு டிஃபரன்ஷியல் விஷயமா..."

"அதெல்லாம் ஃபினிஷ் லைன்ல பாத்துக்கலாம் அங்கிள், ஸ்டார்ட் பண்ணுங்க!"

அதற்குள் வண்டியின் இருபக்கமும் துணி கட்டிவிட்டார்கள். நீரிழிவை ஓடியே வெல்வோம் என்று எழுதியிருந்தது. நான் முன்னால், எனக்குப் பின்னால் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஐந்து கிலோமீட்டர், சமதளம், காலிச் சாலை, உங்கள் குறிப்பு கேட்ட அத்தனையும் வாய்த்திருந்தது. வேகம் மட்டும் பத்து. முதலில் ஓடிவந்த இளைஞன் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், கொஞ்சம் ஸ்பீடா போங்க, பிளீஸ்!" என்றான். என் வாழ்க்கையில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான், அவன் கால்நடையாக வந்துகொண்டிருந்தான். முடிவில் எனக்கு ஒரு பதக்கமும், நீரிழிவு விழிப்புணர்வுக்கு உதவியதற்காக ஒரு பெட்டி லட்டும் கொடுத்தார்கள். லட்டுக்காக உங்கள் அத்தை என்னிடம் மூன்று நாள் பேசவில்லை.

இதற்கிடையில் இரு கட்சியும் நடுவரைக் கலைப்பதில் மும்முரமாக இருந்தீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதுமதி தினமும் காலையில் போன் செய்து, "என்னாச்சுப்பா? போயிடுச்சா?" என்று கேட்பாள். உயில் எழுதிவைத்த பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது விசாரிக்கிற குரல். நீங்கள் மாலையில், "டயராத்தான் மாமா இருக்கும். காத்த கொஞ்சம் கம்மி பண்ணிப் பாருங்களேன்" என்பீர்கள். காற்றைக் குறைத்தேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எங்கள் குடியிருப்பின் மின்பெட்டியில் உரசியது. அதைப் பார்க்க வந்த சங்கச் செயலாளர் லாவண்யா, வண்டியின் அடியில் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் இருப்பதையும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், சொட்டுக்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, குடியிருப்புக் குழுவில் போடுகிறார். நாணயம் அப்படியே இருக்கிறது. சொட்டுதான் வளர்கிறது.

அப்போதுதான் உங்கள் அத்தை வழக்கில் தலையிட்டாள். "அறுவதும் வேண்டாம், எழுவதும் வேண்டாம். நங்கநல்லூர் ஆஞ்சநேயர்ட்ட கொண்டுபோயி ஒரு தேங்கா ஒடச்சுட்டு வந்தா, உள்ள என்ன இருக்குன்னு அவரே வெளிய காட்டிருவாரு. நீங்க கெளம்புதியளா, இல்ல நான் ஆட்டோ புடிக்கட்டா?" என்றாள். புது வண்டிக்குத்தானே பூஜை, இது பழைய வண்டி என்றேன். "அதுக்கு என்ன, நீங்களும் பழசுதான், ஒங்களுக்கும் அர்ச்சனை பண்ணலியா?" என்று கேட்டுவிட்டாள். போனோம். சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வந்து, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, உங்கள் அத்தையே தேங்காயைச் சுற்றி முன்சக்கரத்துக்கு எதிரே அடித்தாள். இரண்டு மாதத்து எரிச்சல் முழுக்க அந்தக் கையில் இருந்தது. தேங்காய் நூறு சில்லாகச் சிதறியது. அதன்மேல் வண்டியை ஏற்றி, எலுமிச்சையை நசுக்கி, நிம்மதியாகத் திரும்பினேன்.

கிண்டி தாண்டியதும் புதுச் சத்தம். டக். டக். டக். ஊளை இல்லை, இது தட்டுகிற சத்தம். மெதுவாகப் போனால் மெதுவாக, வேகமாகப் போனால் வேகமாக. வீட்டுக்கு வந்ததும் கிச்சா இறங்கி வந்து, வண்டியைக் கேட் வரை உருட்டச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பல்லு போயிடுத்து ஓய்! உள்ள கியர் பல்லு ஒண்ணு ஒடஞ்சு உருண்டுண்டு இருக்கு. இனிமே ஒரு அடி ஓட்டப்படாது" என்றார். தட்டுகிற சத்தம் அறுபது கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். செய்தி மதுமதிக்குப் போய், "எனக்கு அப்பவே தெரியும்" என்று அவள் அன்று மாலையே விற்பனை விளம்பரத்துக்கு வாசகம் எழுதி எனக்குப் பிழைதிருத்த அனுப்பினாள். நீங்கள் வேலை நேரத்தில் மூன்று தடவை கூப்பிட்டு, "மாமா, பல்லு ஒடையற வண்டியே இல்ல மாமா அது" என்று தழுதழுத்தீர்கள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். மூன்றாவதாக என்மேலும், ஏனென்றால் அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது ஏன் என்று நான் ஆராயவில்லை.

நான்காம் நாள், ஊர்ந்து ஊர்ந்து, சைதாப்பேட்டையில் வலியுல்லாவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் பட்டறை இருக்கும் இடத்தின் பத்திரத்தை ஒரு காலத்தில் பதிந்தவன் நான். அதனால் இன்னும் என்னை ரிஜிஸ்டர் சார் என்றுதான் கூப்பிடுகிறார். என் வயதுதான் இருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இன்னா ரிஜிஸ்டர் சார், ஜீப்பெல்லாம் ஓட்றீங்கோ! சொல்லுங்கோ, இன்னா சத்தம்?" என்றார். நான் எனக்குத் தெரிந்த முறையில் சொன்னேன். மேற்படி சத்தத்துக்கு வடக்கே டிரைவர் சீட், தெற்கே ஸ்டெப்னி டயர், கிழக்கே வலது பின்சக்கரம், மேற்கே இடது பின்சக்கரம், இந்த நான்கெல்லைக்குள் தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் வருகிறது என்றேன். வலியுல்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்திரம் பக்காவா கீது சார். சொத்து எங்க? சத்தத்த இட்டாந்தீங்களா?" என்றார்.

பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். பாதிச் சுற்றில் நிறுத்தி, குறடால் டயரின் முண்டுகளுக்கு நடுவே எதையோ பிடித்து இழுத்தார். இரண்டு விரல் அகலத்தில் ஒரு கொட்டாங்கச்சிச் சில்லு, பருப்போடு. அதை என் கையில் வைத்து, "சார், இது டிஃபரன்ஷியல் இல்ல. சட்னி" என்றார். கிச்சா பக்கத்தில் இருந்தார். பட்டறையில் மாட்டியிருந்த நாட்காட்டியை வெகுநேரம் படித்தார்.

ஆக, கடவுள் காட்டியது தான் வாங்கிய தேங்காயை. ஊளைச் சத்தம் அப்படியே இருந்தது. வலியுல்லா வண்டிக்கு அடியில் படுத்து, நீளமாக வரும் தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தண்டு கொஞ்சம் திரும்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. "ஆட்டம் கீது சார். ஆனா கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டிலயும் கீது. காதால கேக்காம சொன்னா அது ஜோசியம், மெக்கானிக் வேல இல்ல. அறுவதுல ஓட்டணும்."

நான் என் இரண்டு மாத வரலாற்றைச் சொன்னேன். மேம்பாலம், ஓட்டப்பந்தயம் எல்லாம். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. "சார், நீங்க ரோட்டத் தேடிக்கினு கீறீங்கோ. நாளத் தேடணும். மாட்டுப் பொங்கலன்னிக்கு ஊர்க்காரன்லாம் ஊருக்குப் பூடுவான். அன்னிக்குக் காலைல வாங்கோ. நீங்கோ, நானு, ரோடு, மூணு பேருதான்" என்றார்.

அப்படியே ஆயிற்று. மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்குக் கத்திப்பாராவைத் தாண்டி, விமான நிலையத்தையும் தாண்டினோம். வலியுல்லா பின்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முழ நீளத் திருப்புளியின் நுனியைத் தரைத்தகட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். கிச்சா தன் காதையே நேரடியாகத் தரையில் வைத்துக்கொண்டார். ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. இரண்டு மாதமாக நான் கேட்க முயன்றது அப்போதுதான் முழுசாக வந்தது: அடிவயிற்றிலிருந்து எழுகிற, நீண்ட, ஒரே மூச்சிலான ஓர் ஊளை.

"உடுங்கோ சார்!" என்றார் வலியுல்லா. காலை எடுத்தேன். சத்தம் அறுந்தது.

"மிதிங்கோ!" மறுபடி எழுந்தது. "உடுங்கோ!" நின்றது.

"வாஸ்தவம்தான்" என்றார் கிச்சா, தரையிலிருந்தே. "மிதிக்கறச்சே ஸ்வரம் அசையாம நிக்கறது. விட்டா காணோம்."

"ஐயரு காது நல்லா கீது" என்றார் வலியுல்லா. "இது டயரு இல்ல சார். டயருக்கு நீங்க மிதிச்சா இன்னா, உட்டா இன்னா? ரோட்ல உருண்டுக்கினு கீற வரைக்கும் ஒரே மாறி கத்தும். இது லோடு ஏறச்சொல்லோ மட்டும் அழுது. உள்ள பல்லு நல்லாத்தான் கீது, அதத் தாங்குற பேரிங் தேஞ்சு பூட்ச்சு. அதான் கீழ எண்ணெயும் சொட்டுது."

ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது முறையல்ல என்பதால், பண்டிகைக் கூட்டம் ஓய்ந்ததும் நான் தனியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை ஒருமுறை போய்ச் சரிபார்த்தேன். மறுநாள் மறுபடி போக வேண்டியதாயிற்று, முதல் நாள் எதிர்க்காற்று இருந்ததால். அதற்கு அடுத்த நாள் மாமல்லபுரம் வரை, கோவளத்தோடு நிறுத்தினால் முடிவு அரைகுறையாக இருக்கும் என்பதால். வெயில் கண்ணில் பட்டு வேகமானி சரியாகத் தெரியாததால் ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்க நேர்ந்தது. "சத்தம் கேக்கப் போறியளா, காத்து வாங்கப் போறியளா?" என்று உங்கள் அத்தை கேட்டாள். ஆராய்ச்சி என்றால் என்ன என்பது எல்லாருக்கும் புரிவதில்லை. கடைசியாக வலியுல்லா எண்ணெயை வடித்துக் காட்டினார். கறுப்பு எண்ணெயில் இரும்புத் தூள் பட்டுப்புடவை ஜரிகைபோல மின்னியது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, இரு கட்சியையும் கேட்டு, காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் வைத்து நான் சொல்வது: தேய்ந்திருக்கிறது. டயர் அல்ல. ஒப்பந்தப்படி வண்டியை விற்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இரண்டு மாதமாக இந்த வண்டியால் நான் பட்டது போதும். என் முழங்கால் போயிற்று, லாவண்யாவோடு இருந்த சுமுகம் போயிற்று, லட்டு போயிற்று. அது இந்த வளாகத்தைவிட்டு வெளியேறும் நாளில் நான் கேட்டைப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பேன். மதுமதி இன்றே விளம்பரம் போட்டுவிட்டாள். வாசகத்தில் நான் இரண்டு பிழை திருத்திக் கொடுத்தேன். இனி இப்படிப்பட்ட பொறுப்புகளைச் சாப்பாட்டு வேளையில் என்னிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வெயிலில் அதிகம் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். நீங்கள் எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடும் குறையாத செல்வத்தோடும் இருக்க மாமாவின் மனமார்ந்த ஆசிகள். அத்தை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கிச்சாவும் சொல்லச் சொன்னார்; எதை என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா,
ச. அய்யாதுரை

பின்குறிப்பு (ஜனவரி 29): கூரியர்க்காரர் இரண்டு நாளாக வராததால், நடுவில் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். விளம்பரம் பார்த்து ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆசிஃப் என்று ஒரு இளைஞர் நேற்று வந்தார். நல்ல பிள்ளை, வந்ததும் செருப்பை வாசலில் விட்டார். நான் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. பேரிங் தேய்ந்ததைச் சொன்னேன். எண்ணெய்ச் சொட்டை, நாணயத்தோடு எடுத்த படங்கள் உட்பட, தேதிவாரியாகக் காட்டினேன். அவர் அசையவில்லை. ஊளை காது கிழியும் என்றேன். அது உண்மையைவிடச் சற்று அதிகம். "பரவால்ல அங்கிள். நான் மேல்கூரைய வெட்டிட்டு, ஆரஞ்சு பெயின்ட் அடிச்சு, பின்னாடி பூரா ஸ்பீக்கர் வைக்கப் போறேன். ரீல்ஸுக்குத்தான். டிஃபரன்ஷியல் சத்தம் யாருக்குக் கேக்கும்?" என்றார்.

"வண்டி வித்தாச்சு தம்பி" என்று என் வாய் சொல்லிவிட்டது.

காபியோடு வந்த உங்கள் அத்தை, டம்ளரைக் கீழே வைக்காமலே, "யாருக்கு?" என்றாள்.

மாப்பிள்ளை, சொன்னதைப் பொய்யாக விட்டுவைக்க எனக்கு மனமில்லை. விற்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். யாருக்கு என்று அன்று யாரும் பேசவில்லை. தீர்ப்புச் சொன்னவனே வாங்கலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அதனால்தான் தீர்ப்பை மேலே எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, ஆசையைக் கீழே எழுதியிருக்கிறேன். வாகனப் பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 இரண்டையும் இணைத்துள்ளேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் ஐந்து இடங்களிலும், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே கையெழுத்தைப் போட்டு உடனே திருப்பி அனுப்பவும். வலியுல்லா செவ்வாய்க்கிழமை புது பேரிங் போட்டுத் தருகிறார். பிறகு சத்தம் போயிற்றா என்று பாண்டிச்சேரி வரை போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மதுமதி கேட்டால், வாங்கியவர் மயிலாப்பூரில் இருக்கும் ஒரு மூத்த குடிமகன், நிதானமாக ஓட்டுபவர், நல்ல குடும்பம் என்று மட்டும் சொல்லவும். மேற்கொண்டு கேட்டால், லைன் சரியில்லை என்று வைத்துவிடவும்.